பாப்பாகிட்ட போனைக் குடுங்க

வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர். ஆங்கில வீட்டுப்பாடத்தில் தடுமாறும் பிள்ளைகள் கூப்பிட்டுக் கேட்கிற தொலைபேசி உதவி மையம் அது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இலக்கணமும் பாடக் கதைகளும் சொல்லிக் கொடுப்பாள். வழி காட்டலாம், விடையைச் சொல்லக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான சட்டம். அதைச் சோதிக்க நிர்வாகமே அவ்வப்போது மாணவர் மாதிரி ஆள் வைத்துப் பேசும்.

அவளோ பிறவியிலேயே சந்தேகப் பிராணி. கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பாள். "கண்ணாடியில தெரியிற உன் மூஞ்சிகிட்டயே அடையாள அட்டை கேப்பக்கா நீ" என்பாள் தங்கை.

அன்று வந்தது ஓர் ஆண் குரல். "மேடம், எட்டாங்கிளாஸ் பாடத்துல ஒரு கதை. மக வீட்டு வாசல் வரைக்கும் போன அப்பா, கதவத் தட்டாமலே ஏன் திரும்பிடுறாரு?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாருக்குங்க வீட்டுப்பாடம்?"

"எம் பொண்ணுக்கு."

"பாப்பாகிட்ட போனைக் குடுங்க."

"அவ இங்க இல்லீங்க. அவங்கம்மாகூட இருக்கா. ஞாயித்துக்கிழமதான் பாப்பேன். பாடத்துல ஏதாவது கேட்டா நான் திருதிருன்னு முழிக்கக் கூடாதில்ல?"

என்னமாய்க் கதை கட்டுகிறான்! குழந்தைச் சத்தமே இல்லை. பின்னால் யாரோ தட்டச்சு செய்கிற மாதிரி டக்டக்கென்று ஓசை வேறு. நிர்வாகத்தின் ஆளேதான். "கடைசிப் பத்தியத் திரும்பப் படிங்க" என்றாள் வெடுக்கென்று. அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். பாதியிலேயே, "போதும், யோசிச்சுப் பாருங்க" என்று இணைப்பைத் துண்டித்தாள். நம்மிடமா என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

அடுத்தது ஒரு சிறுமி. "ஆன்ட்டி, டீச்சர் திட்டுவாங்க" என்று விசும்பினாள். சி.ஐ.டி. அக்காவுக்கே மனசு இளகிவிட்டது. "அழாதடா கண்ணு, எழுதிக்கோ" என்று எல்லா வாக்கியத்தையும் முற்றுப்புள்ளி வரை சொல்லிக் கொடுத்தாள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். "முழு விடையும் சொல்லிட்டீங்களே! அந்தப் பொண்ணு நாங்க வெச்ச ஆளு. கார்ட்டூனுக்கு டப்பிங் பேசுறவங்க. பேரன் பேத்தி எடுத்தாச்சு."

"அப்போ அந்த ஆம்பள?"

"எந்த ஆம்பள?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எச்சரிக்கை வாங்கியதைவிட, அந்த மனிதர் எழுத்துக் கூட்டி வாசித்ததுதான் காதிலேயே நின்றது.

சனிக்கிழமை அவர் மறுபடி கூப்பிட்டார். அவள் குரலைக் கேட்டதும், "வேற யாராச்சும் இருக்காங்களாங்க?" என்றார். இப்போது அவருக்குச் சந்தேகம்.

பக்கத்து மேசையில் இன்னொருத்தி சும்மாதான் இருந்தாள். இருந்தும் இவள், "நான்தாங்க இருக்கேன்" என்றாள். "அன்னிக்கு உங்கள வேற யாரோன்னு நெனச்சுட்டேன். என் தப்புதான். புத்தகத்த எடுங்க."

"இருங்க, தையல் மெஷின நிறுத்திட்டு வரேன்."

டக்டக் ஓசை நின்றது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வாசல்ல நிக்கும்போது அந்த அப்பாவுக்கு உள்ள என்ன கேக்குது? அந்த வரிய வாசிங்க, மெதுவாவே."

வாசித்தார். "எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றவர் நிறுத்தினார். "தான் போனா அது நின்னுடும்னு பயந்துட்டாரோ?"

"அதையே நாளைக்கு உங்க பொண்ணுகிட்ட சொல்லிப் பாருங்க. அவ வேற மாதிரி நெனச்சா என்னன்னு கேளுங்க."

"சரிங்க" என்று அடுத்த கேள்வியைப் படிக்கத் தொடங்கினார் தையல்காரர். ஒரு சொல்லில் சிக்கி நின்றார். அவராக அதைத் தாண்டும்வரை அவள் காத்திருந்தாள்.