ஐப்பசியில் விழுப்புரம்: கோடி போகும் ஏரியைப் பார்க்கப் போன கதை

மழைக்காலத்தில் எங்கே போகலாம் என்று தேடித்தான் பெரும்பாலானோர் இந்த வலைப்பூவுக்கு வருகிறீர்கள். மூணாறு, வால்பாறை, ஆகும்பே என்று இதுவரை நான் எழுதியதெல்லாம் என் கணவர் தேர்ந்தெடுத்த இடங்கள். அவர் தென்காசிக்காரர். மழை என்றால் அவருக்கு ஜூன் மாதச் சாரல்தான். ஐப்பசி மழை பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவதற்காகப் பெய்வது என்பார். இந்த வருடம் இடத்தை நான்தான் சொல்வேன் என்று அடம்பிடித்தேன். திண்டிவனம், விழுப்புரம் என்றதும், "அங்க யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் ஒரு காரணம் இருந்தது. நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். பதவி உயர்வு வந்திருந்தது, இடம் விழுப்புரம். இதற்கு முன்பு ஒருமுறை வந்தபோது மகளின் பத்தாம் வகுப்பைக் காரணம் காட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது அவள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். திங்கட்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர், "உன் இஷ்டம்" என்பார். எங்கள் வீட்டில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். அவர் அப்படிச் சொல்வதற்கு முன்னால், என் முதல் வேலை இருந்த ஊரை மழையோடு ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை தாம்பரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினோம். மதுராந்தகம் ஏரி வரும்போதே தூறல் பிடித்துவிட்டது. இரண்டரை மணி நேரத்தில் திண்டிவனம். பசி தாங்காமல் அங்கேயே இறங்கி, பேருந்து நிலையத்துப் பக்கம் பொங்கலும் வடையும் சாப்பிட்டோம், இருவருக்கும் சேர்த்து நூற்று இருபது ரூபாய். வாசலில் ஓர் அம்மா வேகவைத்த மல்லாட்டையைச் சூடாக விற்றுக்கொண்டிருந்தார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை என்று கணவருக்கு விளக்க வேண்டியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடங்களில் அந்த வார்த்தையை நான் அவரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர், பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னல் பக்கம் உட்காருங்கள், நனைந்தால் நனையட்டும். இந்தப் பருவத்தில் சாலையின் இரு பக்கமும் நாற்று நட்ட வயல்கள் தண்ணீரோடு நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பள நாளன்று இந்தச் சாலையில் திண்டிவனத்துப் பக்கம் இருந்த அம்மா வீட்டுக்குப் போவேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் என்னென்ன வாங்கலாம் என்று யோசித்தபடியே போவேன். பேருந்தில் எனக்கு அந்தப் பழைய சுமதியின், அதாவது என்னுடைய, ஞாபகமாகவே இருந்தது. கணவர் போனில் மழை வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தோம், ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு, வெந்நீர் உண்டு. நான் வாடகைக்கு இருந்த தெருவைத் தேடிப் போனேன். வீட்டை இடித்துவிட்டு அங்கே செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள். அதே தெருமுனையில் தண்ணீர் மட்டும் அன்று போலவே முழங்கால் அளவு தேங்கியிருந்தது. "இதப் பாக்கவா கூட்டிட்டு வந்த?" என்றார் கணவர். கோபம் வந்தது.

அந்த வீட்டில் என்னோடு தங்கியிருந்தவள் ஆரோக்கியமேரி. கண்டமங்கலத்துக்காரி, இப்போது முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் செவிலியர். மாதம் ஒருமுறையாவது பேசிக்கொள்வோம், ஆர்டர் வந்த விஷயம் அவளுக்கு மட்டும் தெரியும். போன் செய்தேன். "டூட்டி முடிஞ்சி வெளியதான் நிக்கிறேன். ஏரி கோடி போவுதுடி. அண்ணன கூட்டிக்கினு ஜல்தி வா" என்றாள். ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் கலங்கல் என்ற கல்சுவரின் மேல் வழிந்து ஓடுவதைத்தான் இங்கே கோடி போவது என்பார்கள். இந்தப் பக்கத்து மக்களுக்கு மழைக்காலச் சுற்றுலா என்றால் அதுதான். அதற்காக யாரும் லீவு போட்டு மலையேற மாட்டார்கள். ஏரி கோடி போகிறது என்று தெரிந்தால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள்.

ஷேர் ஆட்டோவை முழுசாகப் பேசினோம், போகவர நானூறு. வழியில் முண்டியம்பாக்கத்தில் மேரி ஏறிக்கொண்டாள். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "மெட்ராஸ்லேர்ந்து கோடி பாக்கவா வந்தீங்க? நல்லா வந்தீங்க போங்க. மூணு வருசமா ரொம்பல. ராத்திரிதான் ரொம்பிச்சி, ஊரே போய்க்கினு இருக்குது" என்றார். "அருவியா?" என்று கணவர் கேட்டார். ஓட்டுநர் சிரித்தார். "நம்மூர்ல ஏது சார் மலை? நீங்களே வந்து பாருங்க."

கரையோரம் வண்டிகள் வரிசையாக நின்றன. கலங்கலின் மேல் தண்ணீர் ஒரே சீராக வழிந்துகொண்டிருந்தது, உயரம் ஓர் ஆள் மட்டம்தான். பெண்கள் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி, மஞ்சளையும் பூவையும் தண்ணீரில் விட்டார்கள். புதுத் தண்ணீருக்குச் செய்கிற மரியாதை அது. மேரி கழுத்தில் சிலுவையோடு அவர்களுக்கு நடுவில் நின்று ஒரு கை பூவை வாங்கி விட்டாள். எனக்கும் கொடுத்தாள். இரவு டூட்டி முடிந்து தூக்கத்தோடு நாங்கள் இருவரும் இப்படி வந்து நின்றது நினைவுக்கு வந்து, கண் கலங்கிவிட்டது. மழையில் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

மேரிக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணங்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"என்ன சொல்லணும்?" என்றார் கணவர்.

"அவளே சொல்லுவாண்ணே" என்று சொல்லிவிட்டு மேரி மீன் விற்பவரிடம் போய் விலை கேட்டாள். சொல்லிவிட்டேன். பதவி, இடம், திங்கட்கிழமை எல்லாவற்றையும். விடுமுறையைச் சாக்காக வைத்துத்தான் இங்கே அழைத்து வந்தேன் என்பதையும். "உன் இஷ்டம்" வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"மூணாறுல நீ யார்கிட்டயும் பேசல. வால்பாறையிலயும் பேசல" என்றார். "இங்க மல்லாட்டைக்காரம்மால இருந்து ஆட்டோக்காரர் வரைக்கும் பேசிட்டே வர்ற. காலைல இருந்து பாத்துட்டேதான் இருக்கேன்."

பிறகு போனை எடுத்தார். மழை வரைபடமாக இருக்கும் என்று எரிச்சலோடு எட்டிப் பார்த்தேன். விழுப்புரத்திலிருந்து தாம்பரத்துக்குக் காலையில் என்னென்ன ரயில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் ஆபீஸ்" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடுவரை இந்தப் பக்கத்துக்கு மழைக்காலம். புயல் எச்சரிக்கை இருந்தால் தயவுசெய்து வராதீர்கள், இங்கே வெள்ளம் வந்தால் வீடுகள் போகும், அது வேடிக்கை பார்க்கிற விஷயமில்லை. கலங்கலில் இறங்காதீர்கள், முழங்கால் தண்ணீர்கூட ஆளை இழுக்கும். எந்த ஏரி கோடி போகிறது என்று இணையத்தில் தேடிப் பயனில்லை, ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களைக் கேளுங்கள். தோல் செருப்பு வேண்டாம். இருவருக்கும் இரண்டு நாளைக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. மழைக்கால இடத்தைத் தேர்ந்தெடுக்க இனிமேல் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: கூட வருகிறவர் எந்த ஊரில் வாய் திறந்து பேசுவார்?

வழக்கமாக நான்தான் உங்களுக்குத் தகவல் சொல்வேன். இந்த முறை எனக்கு ஓர் உதவி வேண்டும். விழுப்புரத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஏதாவது வாடகைக்கு இருந்தால், தண்ணீர் தேங்காத தெருவாகப் பார்த்துச் சொல்லுங்கள்.