இரண்டு திறப்புப் பெட்டி

முதல் நாள்

கோயில் வேலைக்கு நான் போனது பக்தியினால் அல்ல. கட்டாரில் கொங்கிறீட் வேலை செய்து முதுகு போய்த் திரும்பி வந்திருந்தேன். அதற்கு முன் பொத்துவில் பக்கம் மீன்வாடி, அக்கரைப்பற்றில் அரிசி ஆலை, கொழும்பு லொறிகளில் கிளீனர் என்று அலைந்தவன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. சொந்த ஊர் சொறிக்கல்முனை. அங்கே எனக்கென்று ஒரு துண்டு வயலும் இல்லை. கல்முனையில் கடலோரமாக உள்ள சிறிய அங்கிலிக்கன் தேவாலயத்துக்குக் காவல் ஆள் தேவை, படுக்க அறை தருவார்கள் என்று ஒருவர் சொன்னார். போனேன்.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஞானமுத்து மாஸ்டர். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். கோயிலுக்கு அவர்தான் வார்டன். சபையின் சொத்துக்கும் சாமான்களுக்கும் பொறுப்பு. எந்த வெயிலிலும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருப்பார்.

"குடிப்பியா?" என்று கேட்டார்.

"எப்பவாவது சேர்."

"எப்பவாவது எண்டா ஞாயிற்றுக்கிழமையா, மத்த நாளா?"

"மத்த நாள்."

"அப்ப சரி. ஞாயிறு மணி அடிக்கோணும்."

பிறகு உள்ளே கூட்டிப் போய்ப் பெட்டியைக் காட்டினார். கனமான மரத்தில் செய்து உள்ளே தகரம் அடித்த பெட்டி. இரண்டு பூட்டு, இரண்டு திறப்பு. ஒரு திறப்பு மாஸ்டரிடம். மற்றது மட்டக்களப்பில் இருந்து மாதம் ஒரு தடவை ஆராதனைக்கு வரும் பாதரிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் பெட்டி திறக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து அப்படித்தான் வழக்கமாம். உள்ளே ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு.

பாதர் வரும் ஞாயிறுகளில் புத்தகங்களை வெளியே எடுத்துக் காற்றாட வைப்பது என் வேலை. வெயிலில் வைக்கக் கூடாது. மை வெளுத்துவிடும், தாள் முறுகிவிடும். நிழலில், காற்றுப் படும் வாங்குப் பலகையில் விரித்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பூச்சி பார்த்து, காய்ந்த வேப்பிலை வைத்து மூட வேண்டும். மீன் காய வைத்தவனுக்கு இது பெரிய வேலை அல்ல. புரட்டும்போது பெயர்களைப் பார்ப்பேன். புத்தகத்தில் ஊரே இருந்தது. வாங்குகளில் ஏழெட்டுக் குடும்பங்கள்தான் இருந்தன. மற்றவர்கள் செத்திருந்தார்கள், கனடா போயிருந்தார்கள், அல்லது கைதட்டிப் பாடும் புதிய சபைகளுக்குப் போயிருந்தார்கள்.

சுனாமியில் போனவை

எங்கள் கரையில் இல்லாத எதற்கும் ஒரு பதில் இருக்கிறது. காணி உறுதி எங்கே, பைல் எங்கே, நீ வாங்கின கதிரை எங்கே என்று கேட்டால், சுனாமியில் போய்விட்டது என்பார்கள். பாதி உண்மையாக இருக்கும். உண்மையில் எல்லாம் இழந்தவன் அதைச் சொல்வதே இல்லை.

எங்கள் கோயிலிலும் அந்தப் பதில் இருந்தது. பெட்டியைக் கடல் கொண்டுபோனதும், பிறகு அது திரும்பக் கிடைத்ததும், அடியில் கிடந்த புத்தகங்கள் கூழாகிப் போனதும், மேலே இருந்தவை தப்பியதும் உண்மை. எது தப்பியது என்று மாஸ்டருக்குத் தெரியும்; கை வைத்தவன் என்பதால் எனக்கும் தெரியும். தமக்குப் பிடித்தவர் வந்து நறுக்கு, அதாவது பதிவின் பிரதி, கேட்டால் மாஸ்டர் பாதர் வரும் நாளில் புத்தகத்தில் தேடிப் பார்ப்பார். பிடிக்காதவர் என்றால் சுனாமியில் போய்விட்டது என்று என்னைச் சொல்ல வைப்பார்.

ஒரு நாள் முற்பகல் ஒரு முஸ்லிம் அம்மா ஓட்டோவில் வந்து இறங்கினா. எழுபது வயது இருக்கும். கோயில் படியில் கால் வைக்காமல் வேம்புக்குக் கீழே நின்றா.

"மனே, இஞ்ச பழைய ஞானஸ்நானப் புத்தகம் இருக்கா?"

"ஆருக்கு உம்மா?"

"எனக்குத்தான். எஸ்தர் எண்டு பார்க்கணும். இப்ப ஆசியா."

கதையைச் சுருக்கமாகச் சொன்னா. வீட்டில் பிறந்தவ, பிறப்புப் பதியவே இல்லை. ஞானஸ்நானம் மட்டும் இந்தக் கோயிலில் கொடுத்திருந்தார்கள். பிறகு சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து இஸ்லாத்துக்குப் போனவ. கிராம சேவகரின் கடிதத்தோடு அடையாள அட்டை எடுத்துவிட்டா. இப்போது கணவன் மௌத்தாகி, பிள்ளைகள் தலையெடுத்து, ஹஜ்ஜுக்குப் போக இடம் கிடைத்திருந்தது. கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். கச்சேரி அலுவலகத்தில் தேடினால் பதிவு இல்லை. கோயில் நறுக்கு இருந்தால் கொண்டு வாருங்கள், பிந்திப் பதியலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மக்காவுக்குப் போக வேதக்காரக் கோயில் கடதாசி வேண்டும். அவவுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. "அல்லாட வேலையப் பாரு மனே" என்றா.

நான் மாஸ்டருக்கு போன் எடுத்தேன். பெயரைச் சொன்னதும் மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, "அந்தப் புத்தகம் சுனாமியில போயிட்டு எண்டு சொல்லு" என்றார்.

அவர் சொன்னபடியே சொன்னேன்.

ஆசியா உம்மா என்னைப் பார்த்துச் சிரித்தா. "அந்தப் பெட்டி எங்கட கரையிலதான் மனே ஒதுங்கின. மண்ணுக்க இருந்து தோண்டி எடுத்து, பூட்டுக் கூட உடைக்காம ட்ரக்டர்ல ஏத்தி அனுப்பினது என்ட மாப்பிள்ளை, புள்ளைகள்ட வாப்பா. எங்கட வீட்டுல ஆக்கள் மௌத்தாகிக் கிடந்த கிழமை அது. ஆரு உன்ன இப்படிச் சொல்லச் சொன்ன? ஞானமா?"

"வார்டன் ஐயாவைத் தெரியுமா உம்மா?"

"என்ட தம்பி. என்ட இடுப்புலதான் வளந்தவன்."

மாஸ்டர் அந்த நாட்களில் கோயில் வரலாறு ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் பிரதியை என்னிடம்தான் கொடுத்து அச்சகத்துக்கு அனுப்பினார். கடற்கோளில் அள்ளுண்டு போன பதிவேட்டுப் பெட்டி கர்த்தரின் கிருபையால் அதிசயமாகத் திரும்பக் கிடைத்தது என்று அதில் எழுதியிருந்தார். ட்ரக்டரில் ஏற்றி அனுப்பிய மனிதன் அதில் இல்லை.

பாதர் வந்த ஞாயிறு

பாதர் இளம் ஆள். அந்த வருடம்தான் மட்டக்களப்புக்கு மாறி வந்திருந்தார். உம்மா என்னைக் கேட்கச் சொல்லவில்லை. நானாகத்தான் அவரிடம் சொன்னேன். ஆராதனை முடிந்து சனம் போன பிறகு அவர் மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"உங்கட திறப்பைத் தாங்க மாஸ்டர்."

"அவ விலகிப் போனவ, பாதர். விலகினவருக்கு நாங்க ஏன் குடுக்கணும்?"

"விலகினது பிறகு. பிறந்தது இங்கதானே. அது எழுதியிருக்குதானே?"

"எழுதினது எங்கட சபைக்கு."

"புத்தகம் சபையின்ட சொத்து. உங்கட வீட்டு அலுமாரியில இருக்கிற அல்பம் இல்ல."

மாஸ்டர் திறப்பைக் கையில் கொடுக்கவில்லை. வாங்கில் வைத்துவிட்டு வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். புத்தகத்தை நான்தான் புரட்டினேன். எஸ்தர் இருந்தா. சில பக்கம் தள்ளி ஞானமுத்துவும் இருந்தார். அதே தாய், அதே தகப்பன். பாதர் நறுக்கை எழுதி முத்திரை குத்தித் தந்தார்.

அதோடு முடியவில்லை. எஸ்தரும் ஆசியாவும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி வேண்டும் என்று அதிகாரி சொன்னார். கலியாணத்துக்கு முன்பு அவவை எஸ்தராக அறிந்த ஒருவர் வந்து சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். பழைய ஆட்கள் எல்லோரும் சேமக்காலைக் கல்லறையில் அல்லது வெளிநாட்டில். மிஞ்சியவர் தம்பி ஒருவர்தான். கடவுச்சீட்டுக் கொடுக்க வேண்டிய கடைசித் தவணையும் நெருங்கிக்கொண்டிருந்தது.

மூடாத பெட்டி

உம்மா அனுப்பி நான் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அவவுக்கு நீ என்ன, தரகனா?"

"இல்ல சேர். வர ஏலாம நிக்கிறா. அதான் வந்த."

"அம்மா செத்த அண்டைக்கும் இப்படித்தான் வர ஏலாம நிண்டவ. பின்னேரம் வரைக்கும் சவப்பெட்டிய மூடாம வெச்சிருந்தம். வெயில், ஈ. அப்ப இருந்த பாதர் ரெண்டு தரம் கேட்டார், மூடுவமா எண்டு. நான்தான் பொறுங்க எண்டன். அக்கா வருவா எண்டன். எல்லாருக்கும் முன்னால சொன்னன்."

நான் அதை அப்படியே உம்மாவிடம் கொண்டுபோனேன். என் வேலை அப்போது அதுவாகத்தான் இருந்தது. ஓட்டோவில் போய் ஒருவரின் வயிற்றெரிச்சலை இன்னொருவரிடம் இறக்குவது.

உம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தா. "தமிழ் முஸ்லிம் குழப்ப நேரம் மனே. ரெண்டு ஊருக்கும் நடுவுல றோட்டுல டயர் எரியுது. அங்கால போன எங்கட ஆக்கள் திரும்பல்ல, இஞ்சால வந்த உங்கட ஆக்களும் திரும்பல்ல. வயித்துல புள்ள எனக்கு. எல்லை வரைக்கும் நடந்து வந்து, பொலிசுக்காரன் அடிக்க வந்து, கிறுகித் திரும்பிப் போன நான். அத அவனுக்கு ஆரு சொல்ற?"

"நான் சொல்றன் உம்மா."

சொன்னேன். மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லை வரைக்கும் வந்தவ, மறுகா இத்தனை வருசத்தில ஒரு நாளும் வரல்லையா?" என்றார். அதற்கு உம்மாவிடம் பதில் இருந்தது. நீயும் ஒரு நாள் வரல்லையே என்று. அதையும் கொண்டுபோனேன். அவர் கதவைச் சாத்தினார்.

தவணைக்கு முந்திய கிழமை அவராகவே போன் எடுத்தார். "வாறன். கையெழுத்து மட்டும்தான். வேற ஒண்டும் எதிர்பார்க்க வேணாம் எண்டு சொல்லு."

கையெழுத்து

சமாதான நீதவான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையின் பக்கத்து அறையில் இருந்தார். வயதான முஸ்லிம் மனிதர், நல்லவர்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அறிந்தவர் எல்லோரிடமும் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள். அன்று காலை ஓட்டோவில் ஏறும்போதே உம்மா ஓட்டுநரிடம் கேட்டுவிட்டா. "ஹஜ்ஜுக்குப் போக நினைச்சிருக்கன். தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் செஞ்சிருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்க." அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். என்னிடமும் அதையே கேட்டா. தம்பியிடம் கேட்க வேறு ஏதோ வைத்திருக்கிறா என்று தெரிந்தது. வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தா. புதுச் சேலை உடுத்திருந்தா.

மாஸ்டர் முன்பே வந்து கதிரையில் இருந்தார். உம்மா மற்றக் கதிரையில் இருந்தா. இருவருக்கும் ஒரே மூக்கு. அறைக்குள் வந்த எவருக்கும் அது தெரிந்திருக்கும். நீதவானின் கண் கடதாசியில் இருந்தது.

"எத்தனை காலமாத் தெரியும்?"

"சின்ன வயசில இருந்து" என்றார் மாஸ்டர்.

"என்ன முறை?"

மாஸ்டர் பொத்தானைத் தடவினார். "தெரிஞ்சவங்க."

"சொந்தமில்லையா?"

"இல்ல. தெரிஞ்சவங்க."

நீதவான் பேனையை நிறுத்தி உம்மாவைப் பார்த்தார். "சரிதானே உம்மா?"

நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். உம்மா என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினா.

"ஓம் வாப்பா. தெரிஞ்சவர்தான். எழுதுங்க."

மாஸ்டர் சட்டென்று அவவைத் திரும்பிப் பார்த்தார். மறுத்துப் பேசுவா, அழுவா என்று நினைத்திருப்பார் போல. அவ நீதவானின் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவர் கையெழுத்து வைத்தார்.

வெளியே பஸ்காரன்கள் அக்கரைப்பற்று, மட்டக்களப்பு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். உம்மா கிட்டப் போனா.

"ஹஜ்ஜுக்குப் போக நினைச்சிருக்கன். தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் செஞ்சிருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்க."

ஓட்டோக்காரனுக்குச் சொன்ன அதே சொல். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"சரி" என்றார் மாஸ்டர். சைக்கிளை உருட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். பிறகுதான் ஏறினார்.

உம்மாவுக்குக் கடவுச்சீட்டு கிடைத்தது. ஹஜ்ஜுக்கும் போனா. நான் அந்த வருடமே கோயில் வேலையை விட்டேன். மாஸ்டர் நிற்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. இப்போது திருக்கோவில் பக்கம் ஒரு நெல் களஞ்சியத்தில் காவல்.

இப்படியான வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. புத்தகத்தை நிழலில் காய வையுங்கள் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். யாரையாவது சத்தியக் கடதாசிக்குக் கூட்டிப் போனால், என்ன முறை என்று அங்கே கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது வரும் நேரம், கடதாசி யாருக்கோ அவரை ஏதாவது சாட்டுச் சொல்லி வெளியே அனுப்பிவிடுங்கள். தேநீர் வாங்கவாவது அனுப்புங்கள்.