வளைவில் நின்ற கார்

பழம் கொட்டிவிடும் என்று ஞாயிற்றுக்கிழமையும் எஸ்டேட்டில் காப்பிப் பறிப்பு வைத்திருந்தார்கள். செடி மறைவில் காட்டெருமை நின்றதை யாரும் பார்க்கவில்லை. என் தம்பியைக் கொம்பால் தூக்கி எறிந்தது. நான் ஓடிப் போனபோது குடல் வெளியே தெரிந்தது. சேலையைக் கிழித்து வயிற்றோடு இறுக்கிக் கட்டினேன்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், வண்டி சேலத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். வயிற்றைத் திறந்து தைக்க எங்கள் மலையில் ஆள் இல்லை. உடம்பு பிடித்துவிட மட்டும் ரிசார்ட்டுக்கு ரிசார்ட் ஆள் இருக்கிறது. மூட்டை ஏற்றும் பிக்கப்பில் சாக்கு விரித்துத் தம்பியைப் படுக்க வைத்தோம். என் வீட்டுக்காரர் ஓட்டினார்.

மலைப்பாதை வளைவு ஒன்றில் பாதி ரோட்டை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு, ஒரு குடும்பம் குரங்குக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தது. அதனால் மேலும் கீழும் கார்கள் தேங்கி நின்றன. எங்கள் ஹாரனை ஒருவரும் சட்டை செய்யவில்லை.

“நொம்ப தாகமா இருக்குதுக்கா” என்றான் தம்பி. நான் இறங்கி அந்தக் காரிடம் ஓடினேன்.

“ஏனுங்க, காரை எடுங்க, உசுரு போகுதுங்க” என்று கும்பிட்டேன்.

“ரெண்டே நிமிஷம்மா, பசங்க ஆசைப்படுறாங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்தவர் கண்ணாடியை ஏற்றினார். நான் மறுபடியும் கும்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

எனக்கு வெறி பிடித்தது. பிக்கப்பிலிருந்த ஜாக்கிக் கம்பியை எடுத்துவந்து கண்ணாடியில் ஒரே போடாகப் போட்டேன். சிதறிய சில்லில் அவர் புருவம் கிழிந்தது. ஓடிவந்த ஒருவன் என் முடியைப் பிடித்து இழுத்தான். அவன் கையைக் கடித்தேன். என் வீட்டுக்காரரைக் கீழே தள்ளி மிதித்து, வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வண்டியில் கிடப்பது யார் என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேலே சைரன் கேட்டது. புருவம் கிழிந்தவர் தங்கியிருந்த ரிசார்ட்டின் சொந்த ஆம்புலன்ஸ். அவர் மனைவி கூப்பிட்டிருக்கிறார். அசையவே முடியாமல் நின்ற அத்தனை கார்களும் ஓரம் கட்டி வழி விட்டன.

டிரைவர் எங்கள் மலையிலேயே வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர். பிக்கப்பைப் பார்த்தவர் நின்றுவிட்டார். “கெஸ்ட்டு முன்னால உக்காரட்டுங்க. இந்தப் பையன மொதல்ல ஏத்துங்க” என்றார். தம்பியைச் சாக்கோடு தூக்கி ஏற்றினோம்.

மலை இறங்கி முடிப்பதற்குள் தம்பி போய்விட்டான்.

கண்ணாடியை உடைத்ததற்குக் கேஸ் நடக்கிறது. வருத்தப்படுகிறேன் என்று சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடுமாம். எனக்கு வருத்தம்தான். இரண்டு தடவை கும்பிட்டுக்கொண்டு நின்றேனே, கார் கிட்டே போனதுமே அடித்திருக்க வேண்டும்.