மறந்துபோன பாஸ்வர்ட்டுக்கு ஒரு கேள்வி

ஜுருவில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் நான் புரோகிராமராகச் சேர்ந்தபோது, இணையத்துக்கென்று அங்கே இருந்தது ஒரே ஒரு மோடம். அதுவும் என் மேசையில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மதியம் எல்லோரும் கேண்டீனுக்குப் போனதும் போன் வயரைப் பிடுங்கி மோடத்தில் செருகுவேன். அது கிரீச்சிட்டு முடிக்கும்வரை ரொட்டியைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். எங்கெங்கோ முகம் தெரியாத நாடுகளில் இருந்தவர்கள், தாங்கள் எழுதிய சின்னச் சின்ன நிரல்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கே போட்டு வைத்திருப்பார்கள். தேதி கணக்கிட ஒன்று, பட்டியலை அடுக்க ஒன்று, பிரிண்டரைச் சரிக்கட்ட ஒன்று. கண்ணில் பட்டதையெல்லாம் டிஸ்கெட்டில் இறக்கி ஒரு நீலப் பெட்டியில் சேர்த்து வைத்தேன். இரண்டு வாரம் ஆகும் என்று மேலாளரிடம் சொன்ன வேலையை அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி ஒரே மத்தியானத்தில் முடித்துக் கொடுப்பேன். "வெரி குட் லா" என்பார் அவர். எனக்குத் தலைகால் புரியாது. இருபத்தாறு வயதில் அந்தக் கட்டடத்திலேயே நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இப்போது என் எதிரில் வந்தால் ஓங்கி ஓர் அறை விடுவேன்.

தீவில் நாங்கள் இருந்த ஜெலுத்தோங்கிலிருந்து கடல்பாலத்தைக் கடந்து ஜுருவுக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் எனக்கு ஓர் அக்கா இடம் பிடித்து வைப்பார். ஃபிளாட்டில் எங்களுக்கு இரண்டு பிளாக் தள்ளி, அம்மாவோடு இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. பதினெட்டு வயதில் அங்கே வேலைக்குப் போனவர், நான் சேர்ந்தபோது முப்பத்தெட்டைத் தொட்டிருந்தார். டெலிபோனுக்குள் போகும் சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நல்லது கெட்டது சொல்கிற வேலை அவருக்கு. அவர் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வாசலைத் தாண்டும். போடமாட்டேன் என்றால் மேலாளரே வந்து நின்றாலும் போடமாட்டார். அவருக்கு வாய்த்துடுக்கும் அதிகம். "என் கண்ணு பொய் சொல்லாது லா, ஒங்க கண்ணாடிய தொடச்சிட்டு வந்து பாருங்க" என்று ஒரு பொறியாளரிடமே சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அந்த வருடக் கடைசியில் அவரைச் சூப்பர்வைசர் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. பஸ்ஸில் அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அக்கா குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்த நாற்காலி அவருக்கு அத்தனை வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போடும் அட்டைகளை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியது எங்கள் பிரிவு. அதற்குப் பிறகு அக்காவின் கையெழுத்து என்பது அவருடைய பாஸ்வர்ட்தான். ஆனால் ஆட்கள் பாஸ்வர்ட்டை மறந்துகொண்டே இருந்தார்கள். தினம் பத்துப் பேராவது என் மேசைக்கு முன்னால் வந்து தலையைச் சொறிவார்கள். எரிச்சலில் இணையத்தைத் துழாவியபோது ஒரு நிரல் கிடைத்தது. பாஸ்வர்ட்டை மறந்தவரிடம் அது ஒரு கேள்வி கேட்கும். சரியான பதிலைத் தட்டினால், புதிய பாஸ்வர்ட் வைத்துக்கொள்ளச் சொல்லும். அதை எழுதியவர் மேலே ஒரு குறிப்பும் வைத்திருந்தார்: உரியவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தைக் கேள்வியாக வையுங்கள். அதைப் படித்தேன். படித்துவிட்டு, உதாரணமாக அவர் வைத்திருந்த கேள்வியையே எடுத்துக்கொண்டேன். உங்கள் அப்பாவின் பெயர் என்ன?

ஆளாளுக்குப் போய்ப் பதில் கேட்டு வாங்கும் வேலை வேறு மிச்சம். அப்பா பெயர்தான் பணியாளர் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறதே. அங்கிருந்தே இழுத்துக்கொள்ளும்படி நாலு வரி எழுதினேன். அந்த வாரமே என் மேசைக்கு முன்னால் கூட்டம் நின்றுபோனது. மேலாளர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அதை எழுதிய ஆளின் ஊரில் அப்பாவின் பெயர் ரகசியமாக இருக்கலாம். எங்கள் ஊரில் அதை நெஞ்சில் மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறோம். ஒவ்வொருவரின் சட்டையிலும் பெயர் அட்டை தொங்கும். அதில் நம் பெயர், பிறகு மலாயில் 'இன்னாரின் மகள்' என்பதற்கான இரண்டு எழுத்து, பிறகு அப்பா பெயர். மலாய்க்காரர்களுக்கும் அப்படியேதான். சீனர்களுக்கு மட்டும் அட்டையில் குடும்பப் பெயர்தான் இருக்கும், அப்பா பெயர் இருக்காது. அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை என்று பிறந்ததிலிருந்து அப்பா பெயரோடேயே திரிகிற எனக்கு, அது ஒரு நிமிடம்கூட உறைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அக்கா என் மேசைக்கு வந்தார்.

"என்னா தங்கச்சி, ஒன் கம்ப்யூட்டர் என்னைய உள்ள விடமாட்டேங்குது?"

"வயசாயிருச்சுக்கா. மறந்துட்டீங்க."

"நானா மறப்பேன்? வெள்ளிக்கெழம காலைலகூட போட்டனே, சரியா எடுத்துச்சே."

"சரி, அப்பா பேரத் தட்டுங்க. புதுசு வச்சுக்கலாம்."

அக்கா ஒற்றை விரலால் தட்டினார். திரை திறந்தது. அவர் சிரித்துவிட்டார். "செத்துப் பத்து வருசமாச்சு. இன்னும் அப்பாதான் கதவு தொறந்து விடறாரு பாரு."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து, வாடிக்கையாளரிடமிருந்து ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. லாட் என்றால் ஒரே தடவையில் செய்த மொத்தச் சரக்கு. பாதிக்கு மேல் கெட்ட பலகைகள். அக்கா என் மேசைக்கு வந்த திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் அவரே பார்த்து 'கூடாது' என்று நிறுத்தி வைத்திருந்த லாட் அது. அதே வெள்ளிக்கிழமை மதியம் யாரோ அதை 'நல்லது' என்று மாற்றி, சாயங்காலக் கப்பலுக்கு அனுப்பியிருந்தார்கள். மாற்றியது அக்காவின் பாஸ்வர்ட்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதிய இடைவேளை நீளமாக விடுவார்கள். தொழிற்கூடம் காலியாகக் கிடக்கும். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை விரதம். சாப்பிடப் போகாமல் லாக்கர் அறை பெஞ்சில் தனியாகப் படுத்திருந்ததாகச் சொன்னார். அதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

விசாரணை அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். எதிரே அக்கா, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு. பணியாளர் அதிகாரி குற்றச்சாட்டுக் கடிதத்தை மலாயில் வாசித்தார். சட்டப்படி முழுப் பெயரையும் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். அக்காவின் பெயர், இன்னாரின் மகள், அப்பாவின் பெயர். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. திங்கட்கிழமை அக்காவை உள்ளே விடாத கம்ப்யூட்டர், வெள்ளிக்கிழமை வேறு யாரையோ விட்டிருக்கிறது. அவருடைய பெயர் அட்டையைப் பார்த்த எவரும் உள்ளே போயிருக்கலாம்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "அவளுடைய பாஸ்வர்ட்டை வேறு யாராவது பார்த்திருக்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"முடியாது" என்றேன். "பாஸ்வர்ட்டைப் பூட்டித்தான் வைக்கிறோம். யாராலும் பார்க்க முடியாது. என்னாலேயே முடியாது."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பார்க்க முடியுமா என்றுதான் கேட்டார்; மாற்ற முடியுமா என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை நடந்ததை, நான் சொன்னபடி தன் மறதி என்றே அக்கா நினைத்திருந்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன்.

வேலை போய்விடும் என்ற பயம் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. கெட்டிக்காரி என்ற பெயர் போய்விடுமே என்பது மீதி. என் இடத்துக்குத் திரும்பி பதிவேட்டைத் திறந்தேன். இருந்தது. வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு, அக்காவின் பாஸ்வர்ட் மாற்றப்பட்டது. மாற்றியது, சரக்குக் கட்டும் பகுதியில் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து. அக்கா அந்தப் பக்கமே போகிறவர் இல்லை. யார் என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. பதிவேட்டில் எந்த வரியும் முப்பது நாள்தான் இருக்கும், பிறகு தானாகப் போய்விடும். இன்னும் ஏழு நாள் பாக்கி. அதற்குள் அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஒவ்வொரு நாள் காலையும் திறந்து, அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தேன். எட்டாம் நாள் இல்லை. நான் அழிக்கவில்லை. அழியட்டும் என்று விட்டேன்.

அந்த நாட்களுக்குள்ளேயே, காதும் காதும் வைத்தாற்போல் அந்த நிரலையும் எடுத்துவிட்டேன். பாதுகாப்பைப் பலப்படுத்துகிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன். அதற்கும் பாராட்டினார்.

அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். இருபது வருடம். கடைசி நாள் பஸ்ஸிலும் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். பாலத்தின் மேல் போகும்போது, கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"எல்லாரும் நான்தான்னு சொல்றாங்க. நீ என்னைய நம்புறியா தங்கச்சி?"

"நம்புறேன்க்கா."

ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெலுத்தோங் வரும்வரை விடவில்லை.

கொஞ்ச நாளில் நானும் அந்த வேலையை விட்டேன். கல்யாணமாகி ஆயர் ஈத்தாம் பக்கம் போய்விட்டேன். நான்கைந்து வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவைப் பார்க்க வந்தபோது, ஜெலுத்தோங் பாசாரில் அக்காவைப் பார்த்தேன். ஆள் இளைத்திருந்தார். ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பதாகச் சொன்னார். வேறு தொழிற்சாலை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லையாம். கூட ஒரு பெண் நின்றிருந்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அவர் பக்கம் இழுத்தார்.

"நான் சொல்வேன்ல, அது இவதான். அத்தன பேர் இருந்த பெக்டரில இவ ஒருத்திதான் என்னைய நம்புனா. யோசிக்கக்கூட இல்ல, டக்குன்னு சொன்னா."

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சிரித்துவிட்டு மீன் வாங்கப் போனார். அக்கா என் கையை விடாமலே, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ நம்புன. நான்தான் என்னைய நம்பாமப் போயிட்டேன். அன்னிக்கு வெரதம், தல சுத்துச்சு. படுத்துத்தான் இருந்தேன்னு நெனக்கிறேன். ஆனா எந்திரிச்சுப் போயி நானே அமுக்கிட்டனோ என்னவோ. யாராலயும் பாக்க முடியாதுன்னு நீயே சொன்னியே. படிச்ச புள்ள நீ, தப்பாவா சொல்வ? அப்ப நான்தான? வெரதம் இருக்கறதையே விட்டுட்டேன். அடுப்ப அணைச்சிட்டு அணைச்சனான்னு மூணு தடவ போய்ப் பாக்கறேன்."

தன் கண் பொய் சொல்லாது என்றவர் அவர். அந்தக் காய்கறிக் கடை முன்னாலேயே, வருகிறவர் போகிறவர் இடித்துக்கொண்டு போக, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கேள்வி, பெயர் அட்டை, பதிவேட்டில் இருந்த வரி எல்லாம்.

"அப்ப நான் அமுக்கல" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"நான் அமுக்கல." கண்கள் நிறைந்துவிட்டன. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மூன்றாவது தடவையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மெல்ல என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த ரூம்ல கேட்டாங்களே. அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"பஸ்ல நான் கேட்டப்பவும்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அதான் யோசிக்காமச் சொன்னியா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்து, கீழே வைத்திருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு, மீன் கடைப் பக்கம் நடந்து போனார்.