பொன்னம்பலத்தார் சொன்ன காட்

உடுவில் பொன்னம்பலத்தாரை முகத்தால் அறியாதவர்களும் குரலால் அறிவார்கள். எங்கள் பக்கத்தில் யார் கண்ணை மூடினாலும் அவருடைய ஓட்டோ ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வரும். "மரண அறிவித்தல்" என்று அவர் தொடங்கினால், அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டுப் படலைக்கு ஓடி வந்து கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். "இணுவிலைப் பிறப்பிடமாகவும் கோப்பாயை வதிவிடமாகவும் கொண்ட" என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடைவெளிக்குள் ஊர் முழுவதும் தன் சொந்தக்காரரை எண்ணிப் பார்த்துவிடும்.

இருபத்தாறு வருடம் இதுதான் அவர் தொழில். வெளிநாட்டிலிருந்து ஏழு பிள்ளைகள் வந்து நிற்கும் வீட்டுக்கும், கேட்பாரற்றுக் கிடந்த கிழவிக்கும் ஒரே குரல், ஒரே வேகம். வீட்டாரைக் கூப்பிட்டு வைத்து மருமக்கள் பெயரை மூன்று தரம் சரிபார்ப்பார். ஒரு மருமகன் விடுபட்டுப்போனால் செத்தவீட்டிலேயே கைகலப்பு வரும் என்பது அவர் அனுபவம்.

நான் அருட்செல்வன். கோப்பாயில் பாகங்களைச் சேர்த்துக் கணினி பூட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். போன வைகாசியில் அவர் மகள் கஜந்தினியோடு கடைக்கு வந்தார். குரல் சற்றுக் கரகரத்திருந்தது.

"தம்பி, தொண்டையிலை கட்டி. அடுத்த மாசம் கொழும்பிலை ஒப்பரேசன். அதுக்குப் பிறகு குரல் வராது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

அறிவித்தல் வாசிப்பது போலவே அதையும் சொன்னார்.

"ஊர்ப் பேர், முறை, கிழமை, மணி, சுடலை எல்லாத்தையும் தனித்தனியாச் சொல்லிப் பதிஞ்சு வைக்கப்போறன். ஆரும் செத்தால் இவள் பொறுக்கி ஒட்டுவாள். தொழிலும் நிக்காது, குரலும் போகாது."

"ஆக்களின்ரை பேருக்கு என்ன செய்வியள் அண்ணை?"

"வாக்காளர் இடாப்பு ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன். உயிரோடை இருக்கிற எல்லாற்றை பேரும் அதிலை கிடக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். கஜந்தினி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கம்பசில் படிக்கிறவள், ஓய்ந்த நேரத்தில் கேம் விளையாடுவாள். வாங்கும் கணினி அதற்கும் பொருந்த வேண்டும், பெரிய விலைக்கும் போகக்கூடாது, மட்டமாகவும் இருக்கக்கூடாது என்றார்கள். எழும்பும்போது பொன்னம்பலத்தார் சொன்னார்:

"ஒண்டு மட்டும், தம்பி. காட் நல்லதாப் போடும். அதிலை குறை வைக்காதையும்."

எங்கள் தொழிலில் காட் என்றால் இரண்டு. கேம் விளையாடுகிறவர்களுக்கு அது படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் காட். மைக் பிடிக்கிறவர்களுக்கு அது சவுண்ட் காட், மைக்கைக் கொண்டுபோய்ச் செருகும் சின்னப் பெட்டி. கேட்டவர் யார் என்று பார்த்தால் எந்தக் காட் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கும் விளங்கியது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்த நிமிடமே விளங்கியது.

ஆனால் என் அலுமாரியில் பத்து மாதமாக ஒரு கிராபிக்ஸ் காட் தூங்கிக்கொண்டிருந்தது. யாரோ சொல்லி எடுப்பித்துவிட்டு வாங்காமல் போனது. பழைய வகை, சும்மா இருக்கும்போதும் அதன் விசிறிகள் ஓயாமல், வேகம் ஏறி இறங்கிச் சுற்றும். அதைத் தள்ளிவிட ஒரு தலை தேடிக்கொண்டிருந்தேன்.

"ஓம் அண்ணை, நல்ல காட்டே போடுறன்" என்றேன். எந்தக் காட் என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். சொல்லிவிடுவார் என்றுதான் நான் கேட்கவில்லை.

புறொசசர், றாம் எல்லாம் நடுத்தரத்தில் நல்லதாகவே போட்டேன். அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காட்டுக்குக் கொடுத்த பிறகு சவுண்ட் காட்டுக்குக் காசில் இடம் இருக்கவில்லை. மதர்போர்ட்டோடு வரும் சவுண்டே போதும் என்று விட்டுவிட்டேன். போதாது என்று தெரியும். ஒலிபெருக்கிக்காரர் பிடிக்கும் மைக்கின் குரல் அதற்கு எட்டாது. எட்ட வைக்க ஒலியை உச்சத்துக்கு ஏற்ற வேண்டும், ஏற்றினால் விசிறிகளின் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டியபோது பெட்டிக்குள் எரியும் பச்சை, சிவப்பு வெளிச்சங்களைப் பார்த்துக் கஜந்தினிக்கு வாயெல்லாம் பல். பொன்னம்பலத்தார் மைக் வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதை எங்கை தம்பி குத்துறது?"

பெட்டியின் முன்பக்கத் துவாரத்தைக் காட்டினேன்.

"உந்த ஓட்டைக்குள்ளையோ?" என்று ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி, நீர் சொன்னால் சரி" என்றார்.

அவர் ஒப்பரேசனுக்குப் போகும்வரை, மகள் கம்பசுக்குப் போன பிறகு, அறையைப் பூட்டிக்கொண்டு பதிந்தார். ஒருநாள் அந்த வழியால் போனபோது யன்னலுக்கு வெளியே கேட்டது. "சுன்னாகம். சுன்னாகத்தை. சுன்னாகத்தில்." கொஞ்சம் பொறுத்து, "அன்புக் கணவரும். அன்புக் கணவரும் ஆவார்." நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை. குறை சொல்லி ஒரு அழைப்பும் வராதது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒப்பரேசன் முடிந்து இரண்டு மாதத்தால் கஜந்தினி பென்டிரைவோடு கடைக்கு வந்தாள். அவள் ஒட்டிய முதல் அறிவித்தல் அதில் இருந்தது. போட்டுக் கேட்டேன். ஊர்ப் பெயரில் இரைச்சல் மெதுவாக இருந்தது. ஆளின் பெயரில் ஓங்கியது. "அன்புத் தந்தையும்" என்ற இடத்தில் திடீரென்று அடங்கியது, "இந்து மயானத்துக்கு" என்றதும் மறுபடி எழும்பியது. துண்டுக்குத் துண்டு மாறிய அந்த இரைச்சல் ஒவ்வொரு ஒட்டையும் காட்டிக் கொடுத்தது. மனுசர் பேசுவது போலவே இல்லை.

"செத்தவீட்டாக்கள் கேட்டுப்போட்டு வேறை ஆளைப் பிடிச்சிட்டினம். இதை எடுக்கேலாதோ அண்ணா?" என்றாள்.

மூன்று நாள் மினக்கெட்டேன். இரைச்சலைக் கழித்தால் குரலும் அதோடு கழிந்தது. மிஞ்சியது தகரப் பேணிக்குள்ளிருந்து யாரோ கதைப்பது போல இருந்தது.

நாலாம் நாள் உடுவிலுக்குப் போனேன். கையில் ஒரு புதுச் சவுண்ட் காட். குரல் போன வீட்டுக்கு அதைக் கொண்டுபோன என் புத்தியை என்னவென்று சொல்ல? பொன்னம்பலத்தார் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார். மடியில் ஒரு கொப்பியும் பேனையும். என்னைக் கண்டதும் இருக்கச் சொல்லிக் கை காட்டினார். நான் இருக்கவில்லை.

"அண்ணை, நீங்கள் கேட்டது சவுண்ட் காட். எனக்கு அண்டைக்கே விளங்கினது. விக்காமல் கிடந்த சாமானை உங்கடை தலையிலை கட்டிப்போட்டன். அந்த இரைச்சல் முழுக்கக் கொம்பியூட்டரின்ரை இரைச்சல்."

ஏச வாயில்லாத மனிதரிடம் ஏச்சு வாங்கப் போய் நின்றேன். கொப்பியைத் தூக்கி என் முகத்தில் எறிந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் எறியவில்லை. நம்ப முடியாதவர் போல என்னையே பார்த்தார். பிறகு குனிந்து எழுதிக் கொப்பியைத் திருப்பினார்.

"பதிஞ்சதைப் போட்டுக் கேக்கேக்கை, அது என்ரை தொண்டை இரையுது எண்டெல்லோ நினைச்சன்."

நான் வாசித்து முடிப்பதற்குள் கொப்பியை இழுத்து அதன் கீழே இன்னொரு வரி எழுதினார்.

"அதுதான் எல்லாத்தையும் மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னனான்."

தொண்டை நோய் முற்றிவிட்டதென்று பயந்து, மகளுக்கும் சொல்லாமல், பூட்டிய அறைக்குள் இந்த மனுசன் ஊர் ஊராக மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நான் வெளியே மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறேன்.

அவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, சந்தோசம். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"அப்ப என்ரை குரல் கடைசி மட்டும் நல்லாத்தான் இருந்திருக்கு, என்ன?"