கல்யாண எழுத்து

"எழுத்து தெரியாதவனுக்குத்தான் எழுத்தோட மூஞ்சி தெரியும்" என்று என் பெரியப்பா சொல்வார். அதற்கு இன்னொரு பாதியும் உண்டு. அது எனக்கு நினைவில்லை. அச்சகத் தொழிலில் நாங்கள் விற்பது அந்த மூஞ்சியைத்தான். பத்திரிகை அடித்துக் கொடுத்துத் திட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம்.

சாக்கில் வந்தது

மாரண்டஹள்ளிப் பக்கம் கன்னடமும் தமிழும் படித்து வளர்ந்தவன் நான். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பெங்களூரில் இருபது வருஷத்துக்கு மேல் அச்சுக் கோர்த்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில், நாற்பத்தேழு வயதில் திரும்பி வந்து, அரூரில் காலால் மிதிக்கிற ஒரு மெஷினோடு கடை போட்டேன். வரும்போது தலைப்புக்கு ஆகிற பெரிய தமிழ் எழுத்து ஒரு செட் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தேன்.

தடித்த தண்டு, அதன் பக்கத்திலேயே மயிரிழை. ஒவ்வொரு நுனியிலும் ஒரு சின்னப் பாதம். பாதத்திலிருந்து கிளம்பித் தண்டைச் சுற்றி ஏறும் ஒரு கொடி. மத்தியான வெயில் எழுத்துப் பெட்டியில் விழும்போது, இடவலம் மாறிக் கிடக்கும் அந்த ஈய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கொடி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து மேஜை விளிம்பைத் தொட்டுவிட்டது போலிருக்கும். என் கம்பாசிட்டர் மாதையனுக்கும் என் வயதுதான். அவர் ஒரு 'ம'வை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னங்க இது, எழுத்தெல்லாம் நகை போட்டுக்கிட்டு வந்திருக்கு."

மண்டிக்காரர் பத்திரிகை

முதல் வேலை புளி மண்டி வைத்திருந்த ஒரு பாயின் மகள் கல்யாணம். தலைப்புக்கு மட்டும் இந்தக் கொடி போட்ட பூ எழுத்து, மற்றதெல்லாம் சாதா எழுத்து என்று நான் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாள், இடம், வாப்பா பேர் எல்லாமே பூவாக வேண்டுமாம். இருந்த எழுத்து ஒரு தடவைக்குப் போதாமல், பாதி கோர்த்து ஓட்டி, பிரித்து, மறுபாதி கோர்த்து ஓட்டினோம்.

அடித்துப் பார்த்தால் ஒரே கொடிப்பந்தல். வரி எது, வரிக்குள் பேர் எது என்று எனக்கே பிடிபடவில்லை. பாய் தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். படிக்க முடிகிறதா என்று பயந்துகொண்டே கேட்டேன். "படிக்கிறதுக்கு என்னங்க, வூடு வூடா போயி வாயில சொல்லிடுவேன். இது பாக்குறதுக்கு."

ஆட்டு முகாம்

இரண்டு வருஷத்தில் அரூர்ச் சந்தைக்கு வருகிற எல்லாருக்கும் அந்த எழுத்து பழகிவிட்டது. தூரத்தில் பார்த்தாலே கல்யாணம். அந்த நேரம் பார்த்து, தீர்த்தமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆட்டுத் தடுப்பூசி முகாமுக்கு நோட்டீஸ் அடிக்கிற வேலை வந்தது. எங்களிடமிருந்த சாதாப் பெரிய எழுத்து தேய்ந்துபோயிருந்தது. தலைப்பு எடுப்பாக இருக்கட்டுமே என்று பூ எழுத்தைப் போட்டுவிட்டேன்.

முகாமன்று ஆடுகள் குறைவாகவும் பட்டுப்புடவைகள் அதிகமாகவும் வந்து சேர்ந்தனவாம். தட்டில் தேங்காய் பழத்தோடு வந்த ஒரு அம்மாள், ஊசியும் கையுமாக நின்ற டாக்டரிடம் கேட்டாராம்: "பொண்ணு மாப்ள எந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க சாமி?"

சின்னப்பன் கேட்டது

அதற்கு அடுத்த மாதம் சின்னப்பன் வந்தார். அறுபத்தைந்து வயது விவசாயி. மனைவி ஆரோக்கியமேரி இறந்து முப்பதாம் நாள் பூசை. கோயிலில் கொடுக்க நினைவு அட்டை வேண்டும். அட்டையில் மனைவி பேரைப் பூ எழுத்தில் போடச் சொன்னார். நான் தயங்கியதும் விவரம் சொன்னார். அவர்கள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கவில்லை. அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் கடையில் அடித்த யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையைத் தன் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்து, பெட்டி திறக்கும்போதெல்லாம் விரலால் அந்தக் கொடியைத் தடவிக்கொண்டிருப்பாராம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மூத்த மகன் வந்துவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் கடைக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுகிற பள்ளி வேலை அவர் கையால் வருவதுதான்.

"பூ எழுத்துன்னா இந்தச் சனத்துக்குக் கல்யாணந்தான். ஆட்டு முகாம் கதை ஊருக்கே தெரியும். அம்மா போயி ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள அப்பா இன்னொண்ணு கட்டிக்கிறாருன்னு சிரிக்க மாட்டாங்களா? சாதா எழுத்து, சுத்தி கறுப்புக் கட்டம். அவ்ளோதான். நம்ம ஸ்கூல் வேலைய மனசுல வெச்சிக்குங்க சார்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, சிரிக்கத்தான் போகிறார்கள். மாதையன் இரண்டு எழுத்துப் பெட்டிகளுக்கும் நடுவில், எதில் கை வைப்பது என்று தெரியாமல் நின்றார். சின்னப்பன் மகன் பக்கம் திரும்பவில்லை. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சிரிக்கட்டும் தம்பி. பொட்டியில ஒட்டி வெச்சிருந்தது யாரு கல்யாணமோ. ஒண்ணாச்சும் அவளுதா இருக்கட்டும்."

கறுப்புக் கட்டம் போடாமல், ஆரோக்கியமேரி என்ற பேரைப் பூ எழுத்தில் நானே கோர்த்தேன்.