இரண்டாவது அடுப்பு

உரச்சாக்கில் சுற்றி, ஆட்டோவின் பின்சீட்டில் வைத்து அண்ணன் கொண்டுவந்த அந்தச் சின்னக் கேஸ் அடுப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றுக்குள் இரண்டாவது அடுப்பு வந்தால், மகனும் மருமகளும் தனியாகப் பிரிகிறார்கள் என்றுதான் அர்த்தம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது நாலு மாதம். இருபத்திரண்டு வயது. கல்யாணத்துக்கு முன் எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியொன்றின் சமையலறையில் வேலை பார்த்தவர். அங்கே பழகிய மெக்சிகோ சாப்பாட்டை, கைக்குக் கிடைத்ததை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வார். கோதுமை மாவில் மெல்லிய ரொட்டி, அதற்குள் மசித்த கௌபிப் பயறு, தக்காளியும் வெங்காயமும் பொடியாக அரிந்து தேசிக்காய் பிழிந்த சம்பல். நாங்கள் சீனி போட்டே தின்று பழகிய பட்டர்ஃபுரூட்டை உப்பும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து மேலே வைப்பார். அப்பா போனபிறகு கொழுந்தெடுத்தே எங்களை வளர்த்த அம்மா, வாய்க்குப் பேர்போனவர். ஆனால் அண்ணியிடம் மட்டும் எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கும்மா" என்பதோடு சரி. ஒரு சொல் தப்பினால் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்ற பயம் அவருக்கு.

அன்றும் ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் அடுப்பை மூலையில் வைத்துவிட்டு சிலிண்டர் எடுக்கப் பண்டாரவளைக்குப் போய்விட்டான். அண்ணி வெளியே பீலிக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அம்மா சாக்கை விலக்கிப் பார்த்தார். இருந்த நாலு தட்டில் இரண்டை எடுத்து அதே சாக்கில் போட்டார். பெரிய சட்டியைப் போட்டார். மிளகாய்த்தூளில் பாதியைக் காகிதத்தில் கொட்டிப் பொட்டலம் கட்டினார்.

"என்னம்மா பண்றீங்க?"

"கேட்டு வாங்குற நெலம அந்தப் புள்ளைக்கு வேணாம். நாமளே குடுத்துருவோம்."

நான் அழுதுவிட்டேன். எனக்கு அண்ணனைவிட அண்ணி போவதுதான் தாங்கவில்லை.

ஈரத்துணியோடு உள்ளே வந்த அண்ணி அலமாரியைப் பார்த்தார். "அத்தே, மத்த தட்டெல்லாம் எங்க?" என்றவர், விலகிக் கிடந்த சாக்கைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். "அடடா, பாத்துட்டீங்களா? வெறகடுப்பு ஒண்ணுல கௌபிய எறக்குனாத்தான் ரொட்டி போட முடியுது. நான் ஒண்ணொண்ணா சுடச்சுட எங்களுக்கே குடுத்துட்டு, நீங்க எப்பவும் கடைசியா ஆறுனத திங்கிறீங்க. ரெண்டு அடுப்பு இருந்தா எல்லாரும் ஒண்ணா ஒக்காரலாமேன்னு இவர வாங்கியாரச் சொன்னேன்."

அம்மா சாக்கிலிருந்து தட்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் சேலைத் தலைப்பால் துடைத்தார். "தூசியா இருந்துச்சு. தொடைக்கத்தான் எடுத்தேன்" என்றார். அண்ணி அந்த மிளகாய்த்தூள் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அவிழ்த்து டின்னுக்குள் திருப்பிக் கொட்டினார்.

அன்று மாலை நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அம்மா ஒரு வாய் கடித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏன்டி, பட்டர்ஃபுரூட்டுல போயி யாராச்சும் உப்பு போடுவாங்களா? ஒங்க வீட்டுல சீனியே வாங்க மாட்டாங்களா?"

அண்ணன் கை அப்படியே நின்றுவிட்டது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் பதுளையில் குடியிருக்கிறேன். அதே ரொட்டியை என் பிள்ளைகளுக்குச் செய்ய அடிக்கடி அண்ணிக்குப் போன் போடுவேன். போன வாரமும் பின்னால் அம்மா எதற்கோ அவரைத் திட்டும் சத்தம் கேட்டது. உங்களுக்குக் கோபமே வராதா என்று கேட்டேன்.

"நாலு மாசம் அத்தே என்னைய விருந்தாளி மாதிரியே வச்சிருந்தாங்க. எப்பப் போகச் சொல்லுவாங்களோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன்" என்றார் அண்ணி. "அன்னிக்கு 'ஏன்டி'ன்னாங்க பாரு, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."